ராடோ எண்டு சொல்லி 85,000 ரூபாவை விழுங்கினவன்: பழைய மணிக்கூடு வாங்குற ஆக்கள் கட்டாயம் வாசியுங்கோ

கை நடுங்குது, எண்டாலும் இண்டைக்கே எழுதிப்போடுறன். ஆறினாப் பிறகு எழுதினால் மரியாதையா எழுதிப்போடுவன், அது ஒருத்தருக்கும் உதவாது. பழைய மணிக்கூடு சேர்க்கிற ஆக்கள் இணையத்தில கூடுற குழு ஒண்டில 85,000 ரூபாவைப் பறிகுடுத்திருக்கிறன். என்ன குழு, ஆர் ஆள் எண்டு இங்க பேர் போடேல்லை. பொலிஸில எழுதிக் குடுத்திருக்கிறன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். பழசு வாங்கேக்க என்னென்னத்தைப் பாக்கவேணும் எண்டு கடைசியில விவரமாச் சொல்லுறன். முதல் நடந்ததைக் கேளுங்கோ.

அப்பா 80களில சவுதியில நிண்டவர். அங்க நிண்டு வந்த ஆக்களின்ர கையில அப்ப அனேகமா சீக்கோ 5 இருக்கும், கொஞ்சம் கூடச் சேர்த்தவை ராடோ கட்டுவினம். அப்பா கட்டினது ராடோ டயஸ்ரார். 1962 இல சுவிஸில வந்த மொடல். மேல் கூடு சாதாரண உருக்கு இல்லை, டங்ஸ்டன் காபைட். கண்ணாடி சஃபயர். கிணத்துக்கட்டில உரசினாலும் கீறு விழாது எண்டதுதான் அதின்ர பெருமை. டயலில 12 இருக்கிற பக்கம் சின்ன நங்கூரம் ஒண்டு, கையை அசைக்க அசைக்க ஆடும். அதை ஆட்டிப் பாக்கத்தான் நான் சின்னனில அவரின்ர மடியில ஏறுறனான். 1995 ஒக்ரோபரில யாழ்ப்பாணச் சனம் சண்டையால இடம்பெயர, நாங்களும் தென்மராட்சிக்குப் போய் நிக்கேக்க, சாவகச்சேரியில அந்த மணிக்கூட்டை வித்துத்தான் எங்களுக்கு அரிசியும் தங்கச்சிக்குப் பால்மாவும் வாங்கினவர். அதுக்குப் பிறகு அவர் கையில மணிக்கூடே கட்டேல்லை. அதே மொடலில ஒண்டு தேடி எடுத்து அவரின்ர கையில கட்டிவிடவேணும் எண்டது என்ர கனகாலத்து ஆசை. அந்த ஆசையைத்தான் உவன் காசாக்கினவன்.

குழுவில ஆர் ஆர் இருக்கினம் எண்டு சொன்னாத்தான் உவன் எந்த வாசலால உள்ளுக்க வந்தவன் எண்டு விளங்கும். மணிக்கூடு சேர்க்கிற ஆக்கள் எல்லாரும் ஒரு மாதிரி இல்லை.

சீக்கோ ஆக்கள் ஒரு வகை. பின்மூடியில அடிச்சிருக்கிற இலக்கத்தைப் பாத்து எப்ப செய்த மணிக்கூடு எண்டு சொல்லுவினம். முதல் இலக்கம் வருசத்தின்ர கடைசி எண், ரெண்டாவது மாசம். ஒக்ரோபர் எண்டால் பூச்சியம், நவம்பருக்கு 'என்', டிசம்பருக்கு 'டி'. 70களோ 80களோ எண்டதை மெசின் இலக்கத்தில பிடிப்பினம். 6309 மெசினுக்கெண்டே உயிரை விடுற ஆக்கள் இருக்கினம். வளைகுடாவால வந்த சீக்கோவில கிழமை அரபியிலயும் ஓடும், அப்பிடி ஒண்டு கிடைச்சால் அண்டைக்குக் குழுவில திருவிழாதான். நல்ல மனிசர். ராத்திரிச் சாமத்தில கேட்டாலும் பொறுமையாப் பதில் சொல்லுவினம்.

எச்.எம்.ரி. ஆக்கள் இன்னொரு வகை. 1961 இல பெங்களூரில யப்பான் சிற்றிசன் கொம்பனியின்ர உதவியோட மணிக்கூடு செய்யத் தொடங்கின இந்திய அரசாங்கத் தொழிற்சாலை அது. சாவி குடுத்து ஓடுற ஜனதா மொடல் எங்கட ஆக்களிட்டயும் இருந்தது. 2016 இல மூடினாப் பிறகு பழசுக்கு மதிப்பு ஏற, நைஞ்சுபோன டயலைக் கழுவி புதுப் பெயின்ற் அடிச்சு, தொழிற்சாலை கனவிலயும் காணாத சிவப்பிலயும் பச்சையிலயும் விக்கத் தொடங்கிச்சினம். பம்பாய் டயல் எண்டு சொல்லுறது உதைத்தான். அனுபவப்பட்ட எச்.எம்.ரி. ஆள் அதைத் தூரத்தில கண்டே சொல்லிப்போடுவார்.

உதிரிப்பாகம் சேர்க்கிறவை வேற. ஓடாத மணிக்கூடுகளை வாங்கிக் கழட்டி, முள்ளு, டயல், சாவிக்குமிழ் எல்லாத்தையும் பெட்டி பெட்டியா வைச்சிருப்பினம். ஒண்டின்ர டயல், இன்னொண்டின்ர மெசின், மூண்டாவதின்ர கூடு எண்டு பொருத்தி ஓடவைக்கிற கெட்டிக்காரர். இது இப்பிடித்தான் பொருத்தினது எண்டு சொல்லி வித்தால் ஒரு பிழையும் இல்லை. மறைச்சு வித்தால் களவு. ரொறன்ரோவிலயும் லண்டனிலயும் இருந்து கார் ஸ்ரியறிங்கில கையை வைச்சு ரோலெக்ஸ் படம் போடுற பெடியள் இருக்கினம், அவையால ஒருத்தருக்கும் தீங்கில்லை. காலமை வாங்கிப் பின்னேரம் விக்கிறவையும் இருக்கினம். லாபத்துக்குத்தான் விக்கிறம் எண்டு வெளிப்படையாச் சொல்லுவினம், அதால அவையோட பேரம் பேசலாம், பயமில்லை.

பிறகு தீர்ப்புச் சொல்லுற ஆக்கள். ஆர் படம் போட்டாலும் டயலைப் பெருப்பிச்சுப் பாத்து, அடியில 'ரி சுவிஸ் ரி' எண்டு எழுதியிருந்தால் இருட்டில ஒளிர்ற மை டிரிட்டியம் எண்ட பொருள் கலந்தது, இந்த முள்ளு இதுக்குச் சொந்தமில்லை எண்டு சொல்லுவினம். அவையின்ர வாயால 'நல்லது' எண்டு வந்தால் குழுவில அதுதான் கடைசிச் சொல்லு.

என்னைப் போல ஆக்கள்தான் மிச்சம். எங்களுக்கு ஒரே ஒரு மணிக்கூடு வேணும். அப்பாவின்ரயோ, அம்மப்பாவின்ரயோ, துலைஞ்சுபோனதோ, வித்துத் திண்டதோ. கள்ளன் தேடி வாறது எங்களைத்தான். எங்களிட்ட எதைச் சொன்னால் காசு வரும் எண்டு அவனுக்கு வடிவாத் தெரியும்.

அப்பாவின்ர பழைய படத்தையும் போட்டு, அந்த நங்கூரம் ஆடின கதையையும் எழுதி, ஆரிட்டையாவது இருந்தால் சொல்லுங்கோ எண்டு கேட்டனான். அண்டைக்கு இரவே உவன் எனக்குத் தனியா எழுதினவன். அவன் எழுதினதை அப்பிடியே தாறன்: "அண்ணை, உங்கட எழுத்தை வாசிச்சு அழுதுபோனன். என்ர பெரியப்பாவும் சவுதியில நிண்டவர். அவரின்ர டயஸ்ரார் அலுமாரியில கிடக்கு. நான் மணிக்கூடு விக்கிற ஆள் இல்லை. உங்கட அப்பாவின்ர கையில ஏறுமெண்டால் தாறன்."

பிறகு கோல் எடுத்தவன். எங்கட ஊர்க் கதை, அதே பேச்சு. இருக்கிறது கொழும்பில, தாயின்ர ஊர் சுன்னாகம் எண்டான். வெளியில ஒண்டரை லட்சத்துக்குப் போகும், எனக்கு லாபம் வேண்டாம், பெரியம்மாவின்ர மருந்துச் செலவுக்கு 85,000 ரூபா தந்தால் காணும் எண்டான். நங்கூரம் ஆடுறதை வீடியோ எடுத்து அனுப்பினவன். மெசினைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டன். "பின்மூடியைத் திறந்தால் தண்ணி போகாமல் இருக்கிற றப்பர் கெட்டுப்போம் அண்ணை. அப்பாவின்ர கைக்குப் போற சாமானை நானே பழுதாக்கக்கூடாது." இதைவிட ஒரு மனிசன் எப்பிடிப் பக்குவமாக் கதைக்கிறது? மணிக்கூட்டின்ர படத்தைக் குழுவிலயும் போட்டன். தீர்ப்புச் சொல்லுறவரில பெரியவர் ஒருத்தர் வந்து, "டயல் ஒறிஜினல், நல்ல பீஸ், விடாதேங்கோ" எண்டு எழுதினவர். சாமான் கைக்கு வந்தாப் பிறகு காசு தாறன் எண்டு சொல்லிப் பாத்தன். கூரியரில காசு வாங்கச் சொல்லிப் போட்டால் பெறுமதியான சாமான் எண்டு தெரிஞ்சு இடையில எடுத்துப்போடுவாங்கள் எண்டான். வங்கியால 85,000 ரூபாவை அனுப்பினன்.

பார்சல் வந்தது. அப்பா அதை உள்ளங்கையில வைச்சு ஒருக்கா ஏத்தி இறக்கிப் பாத்தார். "பாரம் காணாது தம்பி" எண்டார். மூக்குக்கண்ணாடிகூடப் போடேல்லை. டங்ஸ்டன் கூடு கையில கனக்கும், கட்டின ஆளுக்கு அது மறக்காது.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் மணிக்கூடு திருத்துற ஐயா ஒருத்தரிட்டக் கொண்டு போனன். திறக்க முதலே காதுக்குக் கிட்டப் பிடிச்சு ஆட்டிப் பாத்தார். "உள்ளுக்கை ரோட்டர் ஒரு பக்கம் சும்மா சுத்துது, இது ராடோவின்ர மெசின் இல்லைத் தம்பி" எண்டார். ரோட்டர் எண்டது கை அசைய அசையச் சுத்தி மெசினுக்குச் சாவி ஏத்துற தகடு. ராடோவுக்குப் போட்ட சுவிஸ் ஈற்றா கொம்பனி மெசினில அது ரெண்டு பக்கம் சுத்தினாலும் சாவி ஏறும். திறந்தால் உள்ளுக்கை யப்பான் மெசின், சிற்றிசன் ஆக்களின்ர மியோற்றா. கூட்டின்ர மூலையில ஊசியால ஒரு இழுப்பு இழுத்தார், வெள்ளைக் கோடு விழுந்தது. உரசினாலும் கீறு விழாத கூடாம்! டயல் கழுவிப் பெயின்ற் அடிச்சது. கண்ணில பெருப்பிச்சுக் காட்டுற குழாயை வைச்சுப் பாக்க எழுத்தின்ர விளிம்பெல்லாம் ஊதிக் கிடக்கு, அடி வரி சரிவா நிக்குது. "நங்கூரம் மட்டும் நல்லது. ஆனால் கீழ இருக்கிற பசை புதுசு" எண்டார் ஐயா.

விளங்குதோ? நான் நங்கூரத்தைப் பற்றி எழுதினனான். அதை வாசிச்சுப்போட்டு, எங்கயோ கிடந்த நங்கூரத்தை எனக்கெண்டு கொண்டுவந்து ஒட்டியிருக்கிறான். முழுசா ஆறாயிரம் பெறாத சாமானுக்கு 85,000 ரூபா. காசு போனதை விட எனக்கு இதுதான் நெஞ்சில நெருப்பாக் கிடக்கு.

கோல் எடுத்தன். முதல், "கூரியரில மாறியிருக்கும் அண்ணை." பிறகு, "பெரியப்பா தந்ததை நான் அப்பிடியே தந்தனான், எனக்கு என்ன தெரியும்." அதுக்குப் பிறகு, "உங்கட திருத்துறவர்தான் மெசினை மாத்தியிருப்பார், அவரைப் பிடியுங்கோ." அந்த ஐயா பாத்ததுக்கு என்னட்ட ஒரு சதம் வாங்கேல்லை! அவரைக் கள்ளன் எண்டுறான். பெரியப்பாவோட கதைக்கவேணும், நம்பரைத் தா எண்டு கேட்டன். அவர் போன வருசம் செத்துப்போனார் எண்டான். மருந்து எடுக்கிற பெரியம்மாவின்ர நம்பரைக் கேட்டன், சத்தமில்லை. கடைசியா ஒரு வரி வந்தது: "பழைய சாமானுக்கு ரிட்டேர்ன் இல்லை." அதோட என்னைத் தடை செய்துபோட்டான்.

குழுவை நடத்துறவையிட்டப் போனன். வாங்குறது விக்கிறதுக்கு நாங்கள் பொறுப்பில்லை எண்டிச்சினம். சரி, மற்றவை ஏமாறாமல் இருக்க நடந்ததை எழுதுறன் எண்டன். எழுதினன். கொஞ்ச நேரத்தில அதைத் தூக்கிப்போட்டு, "தனிப்பட்ட பிரச்சினையை உள்ளுக்கை கதையுங்கோ, குழுவின்ர பேரைக் கெடுக்காதேங்கோ" எண்டு செய்தி அனுப்பினவை. 85,000 ரூபா துலைச்சவன் பேரைக் கெடுக்கிறான், துலைக்க வைச்சவன் இன்னும் உறுப்பினர். 'விடாதேங்கோ' எண்டு எழுதின பெரியவரைக் கேப்பம் எண்டு போனால், அந்த வரியையே அழிச்சுப்போட்டார். நான் அனுப்பின செய்தியை வாசிச்சதுக்கு அடையாளம் கிடக்கு, பதில் இல்லை. எனக்காகக் குரல் குடுத்தது சீக்கோ ஆக்கள் ரெண்டு மூண்டு பேர்தான். அவையையும் வாயை மூடச் சொல்லிப்போட்டினம்.

இவ்வளவுக்கும் உவனுக்கு மணிக்கூட்டு அறிவு குறைவில்லை. உதிரிப்பாகம் சேர்க்கிறவனின்ர கைவேலை, தீர்ப்புச் சொல்லுறவையின்ர பேச்சு, அப்பாவின்ர மணிக்கூடு தேடுறவனின்ர கண்ணீர் எல்லாம் உவனிட்ட இருக்கு. ஒண்டையும் உண்மையாச் சேர்க்காமல் எல்லாரையும் மாதிரிக் கதைக்கிறவன். ஆளின்ர ஆர்வத்தைப் பாத்து நம்புறது எங்கட ஆக்களின்ர வழக்கம். மணிக்கூட்டுக்கு உயிரை விடுறவன் கள்ளனா இருப்பானோ எண்டுதான் எல்லாரும் நினைப்பம். உவன் அதில ஏறித்தான் வந்தவன்.

என்னென்னத்தைப் பாக்கவேணும் எண்டு விவரமாச் சொல்லுறன் எண்டனான். இப்ப அதுக்கு மனம் ஓடேல்லை, அவசரமானதை மட்டும் சொல்லுறன். மெசின் படம் இல்லாமல் ஒரு சதமும் அனுப்பாதேங்கோ, றப்பர் கதை சொன்னால் அங்கயே விட்டிடுங்கோ. மூடி திறந்தபடி, பக்கத்தில அண்டைய திகதி எழுதின கடதாசியோட படம் கேளுங்கோ. ஏலுமெண்டால் திருத்துறவரின்ர கடையில வைச்சு, நேரில சாமானும் காசும் கை மாத்துங்கோ. கதைச்ச செய்தி, வங்கி ஸ்லிப் ஒண்டையும் அழிக்காதேங்கோ. ஆரும் செத்த ஆளின்ர மணிக்கூடு எண்டு சொன்னால் ரெண்டு மடங்கு கவனமா இருங்கோ.

இதை எழுதிக்கொண்டிருக்கேக்கதான் கூட்டாளி ஒருத்தன் ஒரு படம் அனுப்பினவன். வேற பேரில, மஞ்சள் டயல் சிற்றிசன் ஒண்டு விலைக்குப் போட்டிருக்கு. கீழ விரிச்சிருக்கிறது என்ர ராடோவைப் படம் எடுத்த அதே பச்சைப் பூப்போட்ட மேசைத்துணி. இந்த முறை மாமாவின்ரயாம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பெடியன் ஒருத்தன் 'காசு எப்பிடி அனுப்பிறது' எண்டு கீழ கேட்டிருக்கிறான். அந்தப் பெடியனைத் தெரிஞ்ச ஆக்கள் ஆராவது இருந்தால் இப்பவே கோல் எடுத்துச் சொல்லுங்கோ, காசு போட வேண்டாம் எண்டு.