கண்ணீர்க் குழாய் அடைப்பு: வெளியே கீறலா, மூக்கு வழியா?

கண்ணில் ஓயாமல் நீர் வழிகிறது, டிசிஆர் என்னும் கண்ணீர்ப் பாதை அறுவை சிகிச்சை செய்யச் சொல்லிவிட்டார்கள். சரி, எந்த முறையில்? இரண்டிலும் வேலை ஒன்றுதான்: கொஞ்சம் எலும்பை எடுத்து, கண்ணீர்ப் பையிலிருந்து மூக்குக்குப் புது வழி திறப்பது.

தழும்பு: வெளிமுறையில் மூக்கோரம் சின்னக் கீறல், சில மாதங்களில் மங்கும். எண்டோஸ்கோப்பில், அதாவது மூக்கு வழியே கேமராக் குழாய் விட்டுச் செய்யும் முறையில், தோலில் கத்தியே படாது.

மயக்கம்: வெளிமுறையை மரத்துப்போகும் ஊசியிலேயே முடிக்கலாம். இதயக் கோளாறுள்ள முதியவர்களுக்கு இது பெரிய வசதி. மூக்கு வழிக்குப் பெரும்பாலும் முழு மயக்கம்.

செலவு: எண்டோஸ்கோப்புக்குக் கூடுதல், கருவி விலை அப்படி.

பலன்: 1904இல் இத்தாலிய மருத்துவர் டோட்டி விவரித்த வெளிமுறை இன்னும் மவுசு குறையாமல் நிற்கிறது. தேர்ந்த கைகளில் இரண்டுமே பத்தில் ஒன்பது பேருக்குப் பலிக்கும்.

முகத்தழும்பை நினைத்துத் தயங்கும் இளையவர்களுக்கு எண்டோஸ்கோப். மூக்கின் நடுத்தண்டு வளைந்திருந்தாலும் அதுவே, சேர்த்தே சரிசெய்யலாம். மற்றபடி, மருத்துவருக்குக் கைவந்த முறை எதுவோ, அதைத்தான் நான் எடுப்பேன்.