ஒன் பீஸா, ஹன்டர் ஹன்டரா?

மங்கா என்ற ஜப்பானியக் காமிக்ஸ் படிக்கத் தொடங்கலாம் என்றிருக்கிறேன், ஒன் பீஸ் எடுக்கவா, ஹன்டர் ஹன்டர் எடுக்கவா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு எந்த வகைப் பொறுமை இருக்கிறது? முதலாவதைப் படித்து முடிக்கப் பொறுமை வேண்டும். இரண்டாவதற்கு, அது முடியுமா என்று தெரியாமலே படிக்கப் பொறுமை வேண்டும். (இரண்டு ஹன்டருக்கும் நடுவில் ஒரு எக்ஸ் போடுவார்கள். வாயால் சொல்லும்போது அது கிடையாது.)

இரண்டும் வீக்லி ஷோனென் ஜம்ப் என்ற ஒரே வாரப் பத்திரிகையில், எட்டு மாத இடைவெளியில் பிறந்தவை. எய்ச்சிரோ ஓடா ஒன் பீஸைத் தொடங்கியது 1997 ஜூலையில். யோஷிஹிரோ தொகாஷி ஹன்டர் ஹன்டரைத் தொடங்கியது 1998 மார்ச்சில். இரண்டிலும் ஒரு பையன் வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். ஒன் பீஸின் லூஃபிக்குக் கடற்கொள்ளையர் அரசன் ஆக வேண்டும். ஹன்டர் ஹன்டரின் கானுக்குத் தன்னை விட்டுப்போன அப்பாவைக் கண்டுபிடிக்க வேண்டும். இருவருக்கும் பயம் கம்மி, யோசனை அதைவிடக் கம்மி. இந்த இடம்வரை ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் இருக்கும். அதற்கப்புறம் இரண்டும் வேறு வேறு திசை.

ஒன் பீஸின் பலம் சண்டையில் இல்லை, சண்டைக்கு முன்னால் வரும் ஃப்ளாஷ்பேக்கில் இருக்கிறது. லூஃபியின் கூட்டாளி நாமியின் ஊரை ஆர்லாங் என்ற கொள்ளையன் பிடித்து வைத்திருக்கிறான். 10 கோடி பெரி (அந்த உலகத்துக் காசு) கொடுத்தால் ஊரை விட்டுவிடுவதாக வாக்கு. எட்டு வருஷம் திருடித் திருடிச் சேர்த்து, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்ற நேரத்தில், ஆர்லாங்கிடம் காசு வாங்கிய கடற்படை அதிகாரி ஒருவன் வந்து மொத்தத்தையும் அள்ளிப் போகிறான். அவள் கடைசியில் 'உதவி செய்' என்று கேட்கும்போது லூஃபி நீளமாக வசனம் பேசுவதில்லை. தன் தொப்பியை அவள் தலையில் வைத்துவிட்டு நடக்கிறான், 'கண்டிப்பாக' என்று ஒரே ஒரு கத்தல். அடுத்து வரும் சண்டையில் யார் ஜெயிப்பார் என்பதில் சந்தேகமே கிடையாது. ஆனாலும் பக்கம் புரட்டாமல் இருக்க முடியாது.

இன்னொரு பலம் ஓடாவின் ஞாபகம். 12-ஆவது தொகுதியில் லபூன் என்ற திமிங்கிலம் வருகிறது. தன்னை விட்டுக் கடலில் போன நண்பர்கள் திரும்பி வருவார்கள் என்று 50 வருஷமாக ஒரு பாறைச்சுவரில் தலையை முட்டிக்கொண்டு காத்திருக்கிறது. போனவர்களின் கதை முழுதாகக் கிடைப்பது 50-ஆவது தொகுதியில். வாரம் ஒரு அத்தியாயம் என்று ஓடும் தொடரில், இத்தனை வருஷம் கழித்து அந்தக் கணக்கைத் தீர்க்க ஒரு ஆள் வேண்டும். அதோடு அடிமை வியாபாரம், மீன்மனிதர்கள் மீதான வெறுப்பு, வரலாற்றை அழிக்கும் உலக அரசு என்று சிறுவர் பத்திரிகைக்குக் கனமான விஷயங்களையும் கோமாளித்தனத்துக்கு நடுவே உள்ளே கொண்டுவந்துவிடுகிறார்.

சரி, குறை? தொடர் ஊதிக்கொண்டே போகிறது. ஆர்லாங் கதை 27 அத்தியாயம். ட்ரெஸ்ரோசா என்ற நாட்டில் நடக்கும் கதை 100 அத்தியாயத்துக்கு மேல். வானோ நாட்டுக் கதை 149 அத்தியாயம், 2018-இல் தொடங்கி 2022-இல்தான் முடிந்தது. ட்ரெஸ்ரோசா நடுவில் நானே இரண்டு வருஷம் புத்தகத்தை மூடி வைத்தேன். திரும்ப எடுத்தபோது கொலோசியத்தில் இருந்த பாதிப் பேரை மறந்துவிட்டிருந்தேன். பக்கங்களும் நெரிசல்: ஒரே கட்டத்தில் ஐந்து முகம், நான்கு வசனம், மூலையில் ஒரு மிருகம். அப்புறம், நிகழ்காலத்தில் யாரும் லேசில் சாக மாட்டார்கள். அலபாஸ்டா நாட்டுக் கதையில் நகரத்தையே அழிக்கும் குண்டை வானத்துக்குத் தூக்கிப்போய் வெடிக்கவிட்ட பெல் என்ற வீரர், கல்லறையெல்லாம் எழுப்பிய பிறகு உயிரோடு நடந்து வருவார். அந்தப் பக்கத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. பல வருஷம் கழித்து ஒரு முக்கியமான ஆள் நிஜமாகவே செத்தபோதுகூட, நான்கு வாரம் நம்பாமல்தான் படித்தேன்.

தொகாஷி அந்த ஏமாற்று வேலையைச் செய்வதில்லை. அவர் சண்டையை எழுதும் விதமே வேறு. நென் என்ற சக்திக்கு ஆறு பிரிவுகள், எழுதப்பட்ட விதிகள் உண்டு. மிக முக்கியமான விதி: எவ்வளவு கடுமையான கட்டுப்பாட்டை உனக்கு நீயே போட்டுக்கொள்கிறாயோ, அவ்வளவு பலம். தன் இனத்தைக் கொன்ற கும்பல் மீது மட்டுமே பிரயோகிப்பேன், மீறினால் என் உயிர் போகட்டும் என்று சபதம் எடுத்துத்தான் கானின் நண்பன் குராபிகா தன் ஆயுதமான சங்கிலிக்குப் பலம் சேர்க்கிறான். நக்கிள் என்று ஒருவன் வருகிறான். அவன் அடித்தால் வலிக்காது, கடன் ஏறும். பத்து விநாடிக்குப் பத்து சதவீதம் வட்டி. எதிராளி திவாலானால் 30 நாளைக்கு நென்னைத் தொட முடியாது. கந்துவட்டியைச் சண்டைக் கலையாக்கிய வேறு ஆளை நான் படித்ததில்லை. இங்கே ஜெயிப்பவன் பெரும்பாலும் பலசாலி இல்லை, எதிராளியின் நிபந்தனையை முதலில் கண்டுபிடிப்பவன்.

தொடரின் சிகரம் கிமேரா எறும்புக் கதை. மனிதரைத் தின்னும் எறும்புகளின் அரசன் மெருயெம், பொழுதுபோக்காகப் பலகை ஆட்டங்கள் கற்றுக்கொள்கிறான். நாட்டின் சாம்பியன்களையெல்லாம் வரிசையாகத் தோற்கடிக்கிறான். பார்வையில்லாத, மூக்கு ஒழுகும் கொமுகி என்ற பெண்ணிடம் மட்டும் தோற்றுக்கொண்டே இருக்கிறான். அவன் மெல்ல மெல்ல மனிதனாகும் அதே நேரத்தில், நம் கதாநாயகன் கான் எதிர்த்திசையில் போகிறான். நல்ல பையனின் பிடிவாதம் எவ்வளவு பயங்கரமானது என்று ஒரு சிறுவர் மங்கா இப்படிக் காட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் இதே கதையில்தான் தொகாஷியின் பலவீனமும் வெட்டவெளிச்சம். அரண்மனைக்குள் சில நிமிடங்களில் நடப்பதை அத்தியாயம் அத்தியாயமாகக் கதைசொல்லி விளக்கிக்கொண்டே போவார். பத்திரிகையில் சில வாரங்கள் பென்சில் கிறுக்கலாகவே அச்சானதும் உண்டு. தொகுதியாக வந்தபோதுதான் திருத்தி வரைந்தார். பெரிய வியாதி இடைவெளி. 2018 நவம்பரில் நின்ற தொடர் 2022 அக்டோபரில்தான் திரும்பியது. முதுகுவலியால் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டபிறகு திட்ட மனம் வராது. 2024-இல் வந்தது 38-ஆவது தொகுதி. ஒன் பீஸ் 110-ஐத் தாண்டிவிட்டது.

பெண் பாத்திரங்களில் இரண்டுமே முழு மதிப்பெண் வாங்காது. ஓடாவின் பெண்களுக்கு நல்ல கதை கிடைக்கிறது, உடம்பு மட்டும் எல்லோருக்கும் ஒரே அச்சு. தொகாஷியிடம் அந்தத் தொல்லை குறைவு, பெண்களும் குறைவு.

அனிமே, அதாவது இவற்றின் கார்ட்டூன் தொடர், பார்ப்பவர்களுக்குக் கேள்வியே வேண்டாம். மேட்ஹவுஸ் நிறுவனம் 2011 முதல் 2014 வரை எடுத்த ஹன்டர் ஹன்டர் 148 பகுதி, நல்ல இடத்தில் முடிகிறது. ஒன் பீஸ் அனிமே ஆயிரத்தைத் தாண்டி இழுக்கிறது. ஒருவர் திரும்பிப் பார்ப்பதற்கே அரை நிமிடம் ஆகும் பகுதிகள் அதில் உண்டு. அதைக் காகிதத்தில் படியுங்கள்.

என் ஓட்டு ஹன்டர் ஹன்டருக்கு, ஆனால் 32-ஆவது தொகுதிவரை. கான் எதற்காகக் கிளம்பினானோ அது அங்கே முடிந்துவிடுகிறது; அதையே முழுக்கதையாக எடுத்துக்கொள்ளலாம். அடுத்து ஒன் பீஸ், 61-ஆவது தொகுதிவரை. கதை இரண்டு வருஷம் தாண்டும் இடம் அது, மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அதற்குமேல் போவதா என்பதை அலபாஸ்டாவில் உங்களுக்கு எவ்வளவு கோபம் வந்தது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். ஹன்டர் ஹன்டரில் 33-ஐத் திறக்கத்தான் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தால், பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தொடங்கும் கதையில் கப்பலில் ஏறப்போகும் இளவரசர்களே 14 பேர், ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் காவலர் படை.