எரிவாயு தோண்டுமுன் கிணற்றுத் தண்ணீர்ப் பரிசோதனை: 540 டாலருக்கு எங்களுக்குக் கிடைத்தது

சென்ற மார்ச்சில் எங்கள் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. எங்கள் கிணற்றிலிருந்து 1,900 அடி தூரத்தில், பக்கத்துப் பண்ணையின் மேட்டில், ஷேல் எனும் ஆழத்துக் களிப்பாறையிலிருந்து எரிவாயு எடுக்கும் கிணறுகள் தோண்டப் போவதாக அறிவிப்பு. பென்சில்வேனியா சட்டப்படி, தோண்டும் இடத்திலிருந்து 3,000 அடிக்குள் குடிநீர்க் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இப்படி முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அன்று மாலையே தண்ணீரைப் பரிசோதிக்க ஆள் தேடத் தொடங்கினேன். கிடைத்த சேவையைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அவர்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதை அவர்களே சரிசெய்தும் கொடுத்துவிட்டார்கள். இந்தப் பகுதியில் இப்படிப் பல நிறுவனங்கள் இருக்கின்றன. யாரிடம் போனாலும் என்னென்ன பார்க்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

நாங்கள் இருப்பது பிட்ஸ்பர்க்குக்குத் தென்மேற்கே, வாஷிங்டன் கவுண்டியில். மார்செல்லஸ் ஷேல் என்ற இந்தப் பகுதிப் பாறை அடுக்கில் இன்றைய முறையில் எரிவாயு எடுப்பது தொடங்கியதே இந்தக் கவுண்டியில்தான், 2004ல். ஆறு வருஷத்துக்கு முன்பு தோட்டம் போட ஆசைப்பட்டு இரண்டு ஏக்கரோடு பழைய வீடு ஒன்றை வாங்கினோம். நகராட்சிக் குழாய் கிடையாது. குடிக்க, குளிக்க, கத்தரிக்காய்ச் செடிக்கு ஊற்ற எல்லாம் 140 அடி போர் தண்ணீர்தான். பத்திரம் எழுதும்போதே வக்கீல் சொன்னார், மண் உங்களுடையது, மண்ணுக்கு அடியில் இருக்கும் கனிமங்கள் உங்களுடையவை அல்ல என்று. முன்பு எப்போதோ யாரோ அவற்றைத் தனியாகப் பிரித்து விற்றுவிட்டார்களாம். இங்கே அது சாதாரணம். ஆகவே தோண்ட வேண்டாம் என்று சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. எடுக்கும் வாயுவுக்கான பங்குப் பணமும் (ராயல்டி) இல்லை. தண்ணீர் மட்டும்தான் எங்களுடையது.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷமாக மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மாதிரியைத் தப்பாக எடுத்தால் எவ்வளவு பெரிய இயந்திரம் இருந்தாலும் பயனில்லை என்பதைத் தினமும் பார்ப்பவள். அந்தக் கண்ணோடுதான் இவர்களையும் பார்த்தேன்.

எரிவாயுக் கிணறு தோண்டும் நிறுவனமே இலவசமாக நம் தண்ணீரைப் பரிசோதிக்கும். அப்புறம் ஏன் கைக்காசைக் கொடுக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. மாநிலத்தில் 2012ல் வந்த 13ஆம் எண் சட்டப்படி, ஷேல் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள் இருக்கும் தண்ணீர், தோண்டி முடித்து 12 மாதத்துக்குள் கெட்டுப்போனால் அதற்கு அந்த நிறுவனமே காரணம் என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு. தோண்டுவதற்கு முன்பே தண்ணீர் அப்படித்தான் இருந்தது என்று காட்டினால் அவர்கள் தப்பிக்கலாம். அதற்காகத்தான் அந்த இலவசப் பரிசோதனை. அதை வேண்டாம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினால் அதுவும் நமக்கு எதிராகவே திரும்பும். பரிசோதிக்க வீட்டுக்காரர் அனுமதிக்கவில்லை என்பதையே அவர்கள் வாதமாக வைக்கலாம். அதனால் நான் அவர்களையும் வரச் சொன்னேன், முடிவின் நகலையும் கேட்டு வாங்கினேன். அதோடு எனக்காக, என் பெயரில், என் கையில் இருக்க ஒரு பரிசோதனை. தனியார் போர் தண்ணீரை அரசு இங்கே கண்காணிப்பதில்லை. மாநிலத்தில் பத்து லட்சத்துக்கு மேல் தனியார் கிணறுகள் இருக்கின்றன. அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது கிணற்றுக்காரர் வேலை.

முன்பதிவு எளிது. போனில் பேசியவர் முதலில் கேட்டதே வீட்டுக்கும் தோண்டும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்றுதான். மூன்று நிலைக் கட்டணம் சொன்னார், நான் பெரியதையே எடுத்தேன், 540 டாலர்.

மாதிரி எடுக்க வந்தது ஓர் இளம்பெண். இந்தப் பக்கத்துப் பெண்தான், தாத்தா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். காலை எட்டு மணிக்கு வந்தவள் பதினோரு மணிக்குத்தான் போனாள். சமையலறைக் குழாயைத் திறக்கப் போன என்னைத் தடுத்தாள். மென்னீராக்கும் கருவியைத் தாண்டி வரும் தண்ணீர் வேண்டாம், கிணற்றிலிருந்து நேராக வரும் தண்ணீர் வேண்டும் என்று அழுத்தத் தொட்டிக்கு முன்னால் இருக்கும் குழாயைத் தேடிப் பிடித்தாள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் தண்ணீரை ஓடவிட்டாள். இடையிடையே வெப்பம், அமிலத்தன்மை, மின்கடத்துத்திறன் மூன்றையும் அளந்து, எண்கள் மாறாமல் ஒரே நிலைக்கு வந்த பிறகுதான் முதல் பாட்டிலைத் தொட்டாள். குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீர் போய், நிலத்தடியில் இருக்கும் தண்ணீர் வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

மீத்தேனுக்கு எடுத்த விதத்தைப் பார்த்தபோது எனக்கு முழு நம்பிக்கை வந்தது. ஒரு வாளியில் தண்ணீரை நிரப்பி, சிறு குப்பிகளை அதற்குள் முழுக்க அமிழ்த்தி, குழாயின் முனையைக் குப்பிக்குள் விட்டு நிரப்பி, தண்ணீருக்கு அடியிலேயே மூடினாள். பிறகு தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்த்தாள். ஒரு குப்பியில் கடுகு அளவு காற்றுக்குமிழி தெரிந்தது. அதைக் கொட்டிவிட்டு மறுபடி எடுத்தாள். கரைந்திருக்கும் வாயு அந்தக் குமிழிக்குள் போய்விட்டால் முடிவில் எண் குறைந்துவிடும். நாங்கள் ரத்த வாயுப் பரிசோதனைக்குச் சிரிஞ்சில் எடுக்கும்போதும் குமிழிதான் எதிரி. அப்புறம் கிணற்றின் மூடியைப் படம் எடுத்தாள், இடத்தின் ஆயத்தொலைவுகளைக் குறித்தாள், பெட்டிக்கு முத்திரை வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது மாறியது என்று பதியும் தாளில் என்னிடமும் கையெழுத்து வாங்கினாள். நாளைக்கு நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தால் அந்தத் தாள் இல்லாத பரிசோதனைக்கு மதிப்பில்லை.

இதுவரை ஐந்துக்கு ஐந்து.

முடிவு வந்தது பதினேழாம் நாள். இரண்டு வாரம் என்று சொல்லியிருந்தார்கள். அது பெரிய குறை இல்லை. பிடிஎஃப் கோப்பைத் திறந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பேரியம், ஸ்ட்ரான்சியம், குளோரைடு, சோடியம், இரும்பு, மாங்கனீசு, மீத்தேன். ஈத்தேன் இல்லை. புரோமைடு இல்லை. இரண்டுக்கும் நான் பணம் கட்டியிருக்கிறேன். எங்கள் கூடத்தில் கேட்ட பரிசோதனை ஒன்று விடுபட்டால் அறிக்கையே வெளியே போகாது. இங்கே ஒரு குறிப்புகூட இல்லை. போனிலும் முதலில் பேசியவர், மீத்தேன் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்டார்.

போதாது. எங்கள் காலடியில் நிலக்கரிப் படுகைகள், மூடிய சுரங்கங்கள், யாரும் கணக்கில் வைக்காத பழைய எரிவாயுக் கிணறுகள் எல்லாம் இருக்கின்றன. மீத்தேன் எங்கிருந்தும் வரலாம். சதுப்பிலோ குப்பையிலோ மட்கி உண்டாகும் மீத்தேனோடு ஈத்தேன் அநேகமாக வராது. பூமியின் ஆழத்தில் வெப்பத்தில் உண்டான வாயுவில் அது சேர்ந்தே வரும். நாளைக்கு என் தண்ணீரில் ஈத்தேன் தெரிந்தால், இன்றைக்கு அது இல்லை என்பதற்கு என்னிடம் தாள் வேண்டும். புரோமைடும் அப்படித்தான். குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு இறங்கினாலும் கிணற்றில் குளோரைடு ஏறும், ஆனால் அதில் புரோமைடு மிகக் குறைவு. ஷேலிலிருந்து மேலே வருவது கடல் நீரைவிடப் பல மடங்கு உப்பான நீர். அதில் புரோமைடு, பேரியம், ஸ்ட்ரான்சியம் எல்லாம் கூடவே வரும். எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லும் இரண்டு எண்களைத்தான் அவர்கள் விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது அழைப்பில் மேலாளர் பேசினார். படிவத்தைக் கணினியில் ஏற்றும்போது நடந்த தவறு என்று ஒப்புக்கொண்டு, கட்டணம் இல்லாமல் மறுபடி எடுத்துத் தருவதாகச் சொன்னார். ஒன்பது நாள் காத்திருந்தோம். அதற்குள் மேட்டில் மரங்களை வெட்டி, ஜல்லி கொட்ட லாரிகள் வரத் தொடங்கிவிட்டன. துளைக்கும் இயந்திரம் வந்த பிறகு எடுத்த மாதிரியை ‘முன்பு’ எடுத்தது என்று யாரிடம் சொல்வது? அந்த ஒன்பது நாளும் ஜன்னல் வழியாக மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் வருவதற்கு முன்பே அதே பெண் வந்து எடுத்துவிட்டாள். ஒரு மதிப்பெண் இதற்காகக் குறைக்கிறேன்.

எங்கள் எண்கள்: மீத்தேன் லிட்டருக்கு 0.4 மில்லிகிராம், ஈத்தேன், புரோமைடு இரண்டும் தென்படவில்லை, பேரியம் 0.2. பேரியத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 2. இரும்பு கொஞ்சம் அதிகம், வெள்ளைத் துணியில் படியும் பழுப்பைப் பார்த்தே அதை ஊகித்திருந்தோம். எதிர்பாராதது கோலிஃபார்ம் கிருமி. எரிவாயுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிணற்று மூடி பழையது, விளிம்பில் இடைவெளி வழியாகப் பூச்சியும் மழைநீரும் போயிருக்கின்றன. ஆறு வருஷமாக என் பிள்ளைகள் குடித்த தண்ணீர். மூடியை மாற்றி, குளோரின் போட்டுச் சுத்தம் செய்து, மறுபரிசோதனையில் சரி என்று வந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மன்னார்குடியிலிருந்து அக்கா போனில் கேட்டாள், மீத்தேன் என்றால் நம் ஊரில் போராடினார்களே, அதுதானா என்று. அங்கே பேச்சு நிலக்கரிப் படுகை மீத்தேன் பற்றியது, இங்கே ஷேல், ஒரு மைலுக்கும் அதிகமான ஆழத்தில். துளையைக் கீழே இறக்கி, பக்கவாட்டில் திருப்பி, பல பத்து லட்சம் காலன் தண்ணீரை மணலோடும் ரசாயனத்தோடும் அழுத்தி அனுப்பிப் பாறையை விரியவைப்பார்கள். விரிசல் மூடிக்கொள்ளாமல் மணல் தாங்கி நிற்கும். அந்த விரிசல் ஒரு மைல் ஏறி என் கிணற்றுக்கு வரும் என்று நான் பயப்படவில்லை. துளையைச் சுற்றிப் பூசும் சிமெண்டு சரியில்லாமல் போவதும், மேலே தொட்டியிலிருந்தோ லாரியிலிருந்தோ கொட்டுவதும்தான் என் பயம். இந்த மாநிலத்தின் வடகிழக்கில் டிமாக் என்ற சிற்றூரில், 2009 புத்தாண்டு அன்று ஒரு வீட்டுத் தண்ணீர்க் கிணறு வெடித்தது. மீத்தேன் கலந்த தண்ணீர் விஷம் என்பதல்ல. மூடிய இடத்தில் அந்த வாயு சேர்ந்தால் ஒரு பொறி போதும். அந்த ஊருக்குக் குழாய்த் தண்ணீர் அமைக்க 1.6 கோடி டாலருக்கு மேல் தருவதாக அங்கே தோண்டிய எரிவாயு நிறுவனம் நீதிமன்றத்தில் ஏற்றுக்கொண்டது 2022 நவம்பரில். பதின்மூன்று வருஷம்.

பண்ணைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பால் விலை விழுந்து கடனில் இருந்த குடும்பம், இந்த லீஸ் பணத்தில்தான் நிமிர்ந்தது. அவர்களும் இதே நிலத்தடித் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். என் அறிக்கையைக் காட்டியதும் அவர்களும் இதே நிறுவனத்தை அழைத்தார்கள்.

காற்றை இந்தப் பரிசோதனை நிறுவனம் பார்ப்பதில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 2023ல் வெளியிட்ட ஆய்வுகள் எரிவாயுக் கிணறுகளுக்கு அருகில் வாழ்பவர்களின் ஆஸ்துமா பற்றிச் சொன்னதைப் படித்ததிலிருந்து அதற்கும் வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு குறை, அறிக்கையில் விளக்கம் ஒரு வரிகூடக் கிடையாது. எண்களோடு பழகாதவர்கள் பயந்துபோவார்கள். பென் ஸ்டேட் பல்கலைக்கழக விரிவாக்கத் துறையின் தளத்தில் எண்களை உள்ளிட்டால் விளக்கம் சொல்லும் கருவி இலவசமாக இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். முன்பதிவு செய்யும்போதே ஈத்தேன், புரோமைடு, ஸ்ட்ரான்சியம் மூன்றும் பட்டியலில் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடத்துக்கு மாநில அங்கீகாரம் உண்டா என்றும் கேளுங்கள்.

ஐந்துக்கு நான்கு. நவம்பரில், பாறையை உடைக்கும் வேலை முடிந்த பிறகு எடுக்க, அடுத்த பரிசோதனைக்கு இப்போதே முன்பதிவு செய்துவிட்டேன். அதே பெண்ணையே அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.