மெரைன் டிரைவ்: காருக்கு நாலு, காலுக்கு ரெண்டு

கடைக்கும் ஹோட்டலுக்கும்தான் நட்சத்திரம் போட வேண்டுமா, தினமும் பாவிக்கிற வீதிக்கும் போடலாமே என்று கொழும்பின் கடற்கரையோர வீதியான மெரைன் டிரைவை எடுத்திருக்கிறேன், அதுவும் வெள்ளவத்தைப் பக்கம். காரில் போகிறவர் சார்பில் ஐந்துக்கு நாலு தாராளமாகக் கொடுப்பேன். காலி நகருக்குப் போகிற காலி வீதியில் பஸ்களுக்கு நடுவில் நெரிபடாமல் கொள்ளுப்பிட்டி போய்ச் சேரலாம், கடற்காற்று வேறு இலவசம்.

நடக்கிறவருக்குத்தான் கரைச்சல். காலி வீதியிலிருந்து இறங்குகிற ஒழுங்கைகள் கடலைப் பார்த்துத்தான் வருகின்றன, பின்னேரமானால் சனமும் அப்படியே இறங்கி வரும், அம்மம்மா, பேரப்பிள்ளை, கையில் ஐஸ்கிரீம் என்று. வீதியை வரைந்தவர்கள் ஒரு பின்னேரம் வந்து நின்று பார்த்திருந்தால், ஒழுங்கை முடிகிற இடமெல்லாம் பாதசாரிக் கடவையை உயர்த்திக் கட்டி, வாகனம் தானாகவே வேகம் குறைக்கும்படி செய்திருப்பார்கள். நேராகவும் அகலமாகவும் போட்டுவிட்டு மெதுவாகப் போ என்று பலகை நட்டால் யார் கேட்கிறார்கள்? சனமும் வாகனமும் கலக்கும் இடத்தில் மணிக்கு 30 கிலோமீற்றர் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சும்மா சொல்லவில்லை.

கடலை முதலில் மறித்தது ரயில் பாதைதான், அது 1894இலேயே காலி வரை போய்விட்டது. அதற்கு இந்த வீதியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் வீதியைப் போடும்போதாவது, மணலில் கால் வைக்க ஆசைப்படுகிறவர் எந்த வழியால் போவார் என்று யோசித்திருக்கலாம், இப்போது ரயில் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டுகிறோம். நிழலும் போதாது. உப்புக்காற்றுக்கு எல்லா மரமும் நிற்காது, சரி, பூவரசும் புன்னையும் தாழையும் நிற்குமே!

இத்தனைக்கும் ஈரநிலங்களைக் காக்கிற சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், 2018இல் ஈரநில நகரம் என்று சான்றிதழ் வாங்கிய ஊர் இது. கோட்டேயில் இருக்கிற பெத்தகான ஈரநிலப் பூங்காவில் பலகைப் பாதையைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், தண்ணீர் தன்பாட்டில் கீழே கிடக்கிறது. அங்கே வாகனம் ஓடாதே என்பீர்கள், சரிதான், இடத்தைப் பார்த்துக் கட்டினார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். அதற்காக எதையும் தூணில் தூக்கி நிறுத்தினால் சரியாகிவிடும் என்றில்லை, கொழும்புக்குப் பக்கத்துத் தலங்கம ஈரநிலத்தின் மேலால் அதிவேகப் பாதை கொண்டுபோகத் திட்டம் போட்டபோது ஊர்ச்சனம் எதிர்த்து நின்றது. 2007இலேயே சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவித்த இடம், கோடு கீறுவதற்கு முன்னால் அவர்களையும் கேட்டிருக்கலாம்.

மெரைன் டிரைவுக்கு ஐந்தரைக்குப் பிறகு போங்கள், வெயில் இறங்கியிருக்கும். நடைபாதையில் கார் நிறுத்தியிருந்தால் வீதியில் இறங்கித்தான் நடக்க வேண்டிவரும், பிள்ளைகளின் கையை மட்டும் விடாதீர்கள்.