தொப்புளில் அளந்து வாங்க வேண்டிய பெல்ட்

நான் தையல்காரன். இருபத்தாறு வருடங்களாக ஸ்ரீரங்கத்தில் ஊரார் இடுப்பை அளந்து வருகிறேன். அப்படிப்பட்ட எனக்கே சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு மருந்துக் கடையில், "பேண்ட் முப்பத்தாறா? எல் சைஸ் போதும்" என்று கண்ணாலேயே அளந்து, முதுகு வலிக்குக் கட்டும் இடுப்பு பெல்ட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். விலை 750 ரூபாய். பேண்ட் நிற்கும் இடம் வேறு, இந்த பெல்ட் உட்காரும் இடம் வேறு. தொப்புளை ஒட்டி டேப் வைத்தால் எனக்கு நாற்பது அங்குலம். அதற்கு எக்ஸ்எல் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. பிரித்த பெட்டியை மாற்றித் தர மாட்டார்களாம்.

பொருளைக் குறை சொல்ல மாட்டேன். ஓரங்களில் இரட்டைத் தையல், முதுகுப் பக்கம் வளைந்துகொடுக்கும் நான்கு பட்டைகள். எட்டு மாதமாகியும் எலாஸ்டிக் தளரவில்லை. வெல்க்ரோதான் தொல்லை. கடையில் பறக்கும் நூல் துணுக்குகள் எல்லாம் அதில்தான் போய் அடைகின்றன. வாரம் ஒருமுறை ஊசியால் கிளறி எடுக்காவிட்டால் குனியும்போது 'பரக்' என்று விட்டுவிடும். சித்திரை வெயிலில் பனியனுக்கு மேல் கட்டினாலும் வேர்க்குரு நிச்சயம்.

வலிக்கு என்ன செய்தது என்று கேட்பீர்கள். இந்த ஒரே பெல்ட் எங்கள் வீட்டில் மூன்று முதுகுகளைச் சுற்றி வந்தது.

என் வலி புட்டத்தில் கிளம்பி, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை மின்சாரம் போல ஓடும். தும்மினால் உயிர் போகும். பெல்ட் கட்டினால் இடுப்புக்குத் தெம்பாக இருந்ததே தவிர, காலில் ஓடுவது நிற்கவில்லை.

அம்மாவுக்கு வேறு விதம். தெற்குச் சித்திரை வீதியிலிருந்து உத்தர வீதிக்குப் போவதற்குள் தொடை இரண்டும் கனத்து, மூன்று திண்ணைகளில் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தால் இரண்டே நிமிடத்தில் சரியாகிவிடும். காய்கறி வண்டியைப் பிடித்துக் குனிந்தபடி நடந்தால் வலியே இல்லை. பெல்ட் அவரை நிமிர்த்தி நிறுத்தியது. "இது எனக்கு எமன்டா" என்று கழற்றி எறிந்தார்.

அண்ணன் மகனுக்கு இருபத்தேழு வயது. காலையில் எழுந்ததும் முக்கால் மணி நேரம் மரக்கட்டை. நடமாடினால் இளகிவிடும், ஓய்வெடுத்தால் மறுபடி விறைக்கும். ஓய்வே ஆகாத இடுப்புக்குக் கட்டுப் போட்டு என்ன பயன்?

கடைசியில் தில்லைநகரில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போனேன். ஒரு முறைக்கு 300 ரூபாய். அந்தப் பெண் பெல்ட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. முதல் கேள்வி: "அண்ணா, சிறுநீர் தடையில்லாமல் போகிறதா? உட்காரும் இடம் மரத்துப்போகிறதா?" அதில் சிக்கல் இருந்தால் பிசியோதெரபி கிடையாது, உடனே மருத்துவமனைதான் என்றார். இல்லை என்றதும் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கினார். பாதி உயரத்திலேயே கத்திவிட்டேன். பிறகு குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் எழுப்பச் சொன்னார். நியூசிலாந்தைச் சேர்ந்த ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட் பரப்பிய முறையாம். பத்து நாளில் வலி கெண்டைக்காலை விட்டுத் தொடைக்கு ஏறியது, பிறகு புட்டத்துக்கு. இடுப்பில் வலி கூடுகிறதே என்று பயந்தேன். கால் விட்டு மேலே ஏறுவது நல்ல அடையாளம் என்றார் அவர்.

அதே பயிற்சியை அம்மாவுக்கும் சொல்லிக் கொடுக்கட்டுமா என்றேன். கூடவே கூடாதாம். நரம்பு போகும் பாதை குறுகிய முதுகு அது, நிமிர்த்தினால் இன்னும் நெருக்கும். அவருக்கு முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவரும் பயிற்சி. அண்ணன் மகனைப் பற்றிச் சொன்னதும், நேரே மூட்டு வாத நிபுணரிடம் அனுப்பினார். அங்கே முதுகுத்தண்டு வாதத்தோடு தொடர்புள்ள மரபணுக் கூறைத் தேடும் எச்எல்ஏ-பி27 ரத்தப் பரிசோதனையும், முதுகுத்தண்டின் அடி இடுப்பெலும்போடு சேரும் மூட்டுக்கு எம்ஆர்ஐயும் எழுதினார்கள்.

அவன்தான் இன்னொன்றையும் படித்துக் காட்டினான். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியில், வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்ற வரிசையில் இடுப்பு பெல்ட்டும் இருக்கிறது. எட்டு மாதம் ஊசியால் நூல் கிளறியவனிடம் சொல்லும் விஷயமா இது?

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், இரண்டும் தையலுக்கு. சென்னைக்குப் பஸ்ஸில் போகும் இரவுகளில் மட்டும் இப்போது கட்டிக்கொள்கிறேன். மற்ற நாட்களில் கடையில் டேப் தொங்கும் ஆணியில் அதுவும் தொங்குகிறது. போன வாரம் ரவிக்கை தைக்க வந்த அக்கா இரவல் கேட்டார். "வலி முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதா அக்கா?" என்றுதான் முதலில் கேட்டேன்.