காந்த்ருக்கில் தசைன்: ஒரு குருங் வீட்டு விடுதியும் அதன் அடுப்படியும்

நம் நவராத்திரி, விஜயதசமியோடு சேர்ந்து வரும் நேபாளப் பண்டிகை தசைன். அந்தச் சமயத்தில் நேபாள மலைக் கிராமத்தில் தங்கலாமா என்று கேட்டால், தாராளமாகத் தங்கலாம் என்பேன். ஆனால் பெரிய லாட்ஜ் வேண்டாம், ஒரு குடும்பம் வாழ்கிற வீட்டில் தங்குங்கள். நானும் என் கணவரும் விஜயதசமியை ஒட்டி பொக்காரா நகருக்கு அருகே மலைமேல் இருக்கிற காந்த்ருக்கில், குருங் என்ற மலை இனத்தார் நடத்தும் அப்படி ஒரு வீட்டு விடுதியில் தங்கினோம். பழைய ஊருக்குள், கல் பாவிய சந்தில், பலகைக்கல் கூரை போட்ட மாடி வீடு. கீழே அவர்கள் குடும்பம், மேலே விருந்தினருக்கு நான்கு அறைகள். பெயர் போட வேண்டாம் என்று வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள், அதனால் போடவில்லை. அந்த ஊரில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய இருக்கின்றன. நான் சொல்வதில் பாதிக்கு மேல் அவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் போகிற வழி. பொக்காராவிலிருந்து நயாபுல், பிரேதாந்தி வழியாகக் கிம்சே வரை ஜீப் போகிறது. அதற்குமேல் கல் படிகள். நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரம் சொச்சம். முட்டி வலி உள்ளவர்கள் கைத்தடி வைத்துக்கொள்ளுங்கள், இறங்கும்போதுதான் அது அதிகம் தேவைப்படும். ஊர் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் வருவதால், அதற்கான அனுமதிச் சீட்டை பொக்காராவிலேயே எடுத்துவிட வேண்டும். இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டினருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. நம் 100 ரூபாய்க்கு அவர்களுடைய 160 ரூபாய் என்பது நிலையான மாற்று விகிதம், கணக்குப் போடச் சுலபம். தசமிக்கு முந்திய நாட்களிலேயே அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை தொடங்கிவிடும் என்பதால் சீட்டு எடுப்பதைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். எங்களுக்கு வாய்த்த ஜீப்காரர் பேசிய தொகையைப் பாதி வழியில் ஏற்றிவிட்டார். பண்டிகைக் காலம், வேறு வண்டி கிடைக்காது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கொடுத்துவிட்டுப் போனோம், ஆனால் அந்த எரிச்சல் ஊர் வந்து சேரும்வரை இருந்தது.

அறையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு மரக்கட்டில், கனமான ரஜாய், ஒரு ஜன்னல். பலகைச் சுவர்தான், பக்கத்து அறையில் இருமினால் கேட்கும். கழிப்பறை பொது, சுத்தமாக இருந்தது. வெந்நீர் சூரிய வெப்பத்தில் வருவது, மேகம் மூடிய நாளில் வெதுவெதுப்போடு சரி. எங்களுக்கு ஏற்பாடு செய்து தந்த பொக்காரா ஏஜென்சி ‘அறையோடு சேர்ந்த குளியலறை’ என்று எழுதிக் கொடுத்திருந்தது. அப்படி ஒன்று அந்த வீட்டில் கிடையாது. இதில் வீட்டுக்காரர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. நேரடியாகப் போன் போட்டுக் கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள்.

இப்போது அடுப்படிக்கு வருகிறேன். நான் கிருஷ்ணகிரிப் பக்கம். சின்ன வயதில் எங்கள் வீட்டில் ராத்திரிக்குக் கேழ்வரகுக் களிதான். இந்த விடுதியின் மெனு அட்டையில் பீட்சா, பாஸ்தா, நூடுல்ஸ் எல்லாம் இருந்தன. அன்னபூர்ணாப் பகுதியில் இந்த விலைகளை அந்தந்த ஊர்க் குழு நிர்ணயிப்பதால் வீட்டுக்கு வீடு பெரிய வித்தியாசம் இருக்காது. நான் அட்டையை மூடிவிட்டு, “வீட்டில் இன்றைக்கு என்ன?” என்று கேட்டேன். “திண்டோ” என்றார் மருமகள். கேழ்வரகு மாவில் செய்வது என்றதும் நான் எழுந்து அடுப்படிக்கே போய்விட்டேன்.

வீட்டின் பெரியம்மா, எல்லாரும் ஆமா (நேபாளியில் அம்மா) என்று கூப்பிடுகிறார்கள், அடுப்பின் முன்னால் தாழ்ந்த மணையில் உட்கார்ந்திருந்தார். மூன்று கால் இரும்பு வளையத்தின்மேல் இரும்புச் சட்டி. தலைக்கு மேலே விட்டத்தில் மக்காச்சோளக் கதிர்கள் கட்டித் தொங்கின, புகை பட்டு அவற்றின் தோல் பழுப்பேறியிருந்தது. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் மாவைப் பிடி பிடியாகத் தூவி, தட்டையான மரத் துடுப்பால் கிண்டத் தொடங்கினார். சட்டி நகராமல் இருக்க இடது கையில் இடுக்கி. முதலில் கஞ்சி மாதிரி இருந்தது, கிண்டக் கிண்ட இறுகி, துடுப்போடு சேர்ந்து சுழல ஆரம்பித்தது. பச்சை மாவு வாசனை போய் வறுத்த வாசனை வந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. கடைசியில் கையைத் தண்ணீரில் நனைத்து மேலே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். ஒட்டவில்லை. எங்கள் அம்மாவும் பதம் பார்ப்பது இப்படித்தான். நான் அதைச் சைகையில் காட்டியதும் ஆமா துடுப்பை என் கையில் கொடுத்துவிட்டார். எங்கள் ஊரில் நொய் வேகவைத்து அதில் மாவைப் போட்டுக் கிளறுவோம், இங்கே வெறும் மாவு. அதனால் இன்னும் வழுவழுப்பாக வருகிறது.

தட்டில் ஒரு உருண்டை, நடுவில் குழி பறித்து நெய். பக்கத்தில் குந்த்ருக் ரசம். கடுகுக் கீரை, முள்ளங்கிக் கீரையை வாடவைத்து, பானையில் அழுத்தி அடைத்து, புளித்ததும் வெயிலில் காயவைத்து எடுத்து வைப்பதுதான் குந்த்ருக். அதைத் தக்காளியும் வறுத்த சோயா பயறும் போட்டுக் கொதிக்கவைத்திருந்தார்கள். புளி இல்லாமலே அப்படி ஒரு புளிப்பு. திமுர் போட்ட தக்காளித் தொக்கும் இருந்தது. திமுர் மிளகு போலத் தெரியும், ஆனால் காரம் இல்லை, நாக்கு மரத்துப் போகும். ஒரு கடி திண்டோவைக் கிள்ளி, ரசத்தில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆமாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் மதியம் தால் பாத். சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்குக் கறி, ஊறுகாய். பருப்பில் ஜிம்பு என்ற மலை மூலிகையை நெய்யில் தாளித்திருந்தார்கள், பூண்டும் வெங்காயமும் சேர்ந்த வாசம். சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள், அதற்குத் தனிக் காசு இல்லை. தசைன் என்றால் ஆட்டுக்கறி இல்லாத வீடு குறைவு. எங்களுக்குப் புரட்டாசி, கறி தொடமாட்டோம். சொன்னதும் முகம் சுளிக்காமல், வேறு சட்டி, வேறு கரண்டி வைத்துச் சமைத்தார்கள். என் கணவர் இதை இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பண்டிகையைப் பற்றி. தசைன் 15 நாள். முதல் நாள் கடஸ்தாபனை, அன்றைக்கு மண்ணில் பார்லி விதைத்து வெயில் படாமல் வைப்பார்கள். பத்தாம் நாளுக்குள் அது வெளிர் மஞ்சளாக நீண்டு வளர்ந்திருக்கும். அதுதான் ஜமரா. தசமியன்று பெரியவர்கள் சின்னவர்களுக்கு நெற்றியில் டீக்கா வைத்து, காதோரம் ஜமரா செருகி, கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து ஆசீர்வதிப்பார்கள். மற்ற இடங்களில் அரிசி, தயிரோடு குங்குமம் கலந்து சிவப்பாக இருக்கும். இந்த வீட்டில் வெள்ளை டீக்கா, குருங், மகர் என்ற மலை இனத்தாரின் பல வீடுகளில் அப்படித்தான். வரிசையில் பேரப்பிள்ளைகளுக்கு அடுத்து என்னையும் உட்காரச் சொன்னார்கள். ஆமா என் நெற்றியில் தயிரரிசியை அழுத்தி வைத்து, என் தலையில் கை வைத்து நீளமாக ஏதோ சொன்னார். மொழி புரியவில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கொடுத்த புது ஐந்து ரூபாய்த் தாள் என் சாமி அலமாரியில் இருக்கிறது.

வீட்டுத் தாத்தா இந்திய ராணுவத்தில் கூர்க்கா படையில் இருந்தவர். ஓய்வூதியம் பொக்காராவில் உள்ள இந்திய அலுவலகம் வழியாக வருகிறது. என் கணவரோடு ஹிந்தியில் நெடுநேரம் பேசினார். மாலையில் ஊர் மேட்டில் நான்கு நீள மூங்கில்களை உச்சியில் சேர்த்துக் கட்டிய ஊஞ்சல். தசைனில் ஒரு தடவையாவது கால் தரையை விட்டு எழும்ப வேண்டும் என்பார்கள். நானும் ஆடினேன். எதிரே மச்சபுச்சாரே சிகரம், 6,993 மீட்டர். அதன் உச்சிக்கு ஏற இன்றுவரை அனுமதி இல்லை. ராத்திரி ஆமா சமூஹம் என்ற ஊர்ப் பெண்கள் குழுவினர் பாடி ஆடினார்கள். தட்டில் போடும் பணம் பாதை பழுதுபார்ப்பது போன்ற ஊர் வேலைகளுக்குப் போகிறது, தயங்காமல் போடுங்கள்.

இந்தச் சமயத்தில் சேவையில் வேகம் எதிர்பார்க்கக் கூடாது. தசமியன்று காலை டீ ஒன்பதரைக்குத்தான் வந்தது, வீடு முழுக்க உறவினர். காலையில் கிளம்பிப் போயே ஆக வேண்டிய மலையேற்றக்காரர்களுக்கு இது சரிப்படாது. அவர்கள் பண்டிகை முடிந்து வரட்டும், அக்டோபர் கடைசியில் வானமும் இன்னும் தெளிவாக இருக்கும். எல்லாக் குருங் குடும்பங்களும் தசைன் கொண்டாடுவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிலருக்கு டிசம்பர் இறுதியில் வரும் குருங் புத்தாண்டான தமு ல்ஹோசார்தான் பெரிய நாள். அறை பேசும்போதே கேட்டுவிடுவது நல்லது.

அறை வாடகை மிகக் குறைவு, அவர்களுக்கு வருமானம் சாப்பாட்டில்தான். தங்குகிற வீட்டிலேயே இரண்டு வேளையும் சாப்பிடுங்கள், வெளியே போய்ச் சாப்பிட்டால் அவர்களுக்கு நஷ்டம். திண்டோ வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லுங்கள். நாங்கள் ல்ஹோசாருக்கு அதே வீட்டில் அறை கேட்டிருக்கிறோம். அந்த மாதத்தில் குளிர் கடுமை, கம்பளி உடுப்பு இல்லாமல் வந்தால் மாடியில் படுக்கவிடமாட்டேன், அடுப்புப் பக்கத்தில்தான் படுக்கவேண்டும் என்று ஆமா மருமகள் மூலமாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.