மனநல உதவி: 14416-ஆ, மாவட்ட மனநலத் திட்ட முகாமா?

அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. 14416-ஐ அழைத்து மொழியைத் தேர்ந்தெடுத்தால், பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் நிபுணருக்கு மாற்றுவார். இரவு, பகல் எந்நேரமும் கிடைக்கும், கட்டணம் இல்லை. தற்கொலை எண்ணம், தூக்கமின்மை, பதற்றம் என்றால் முதலில் செய்ய வேண்டியது இந்த அழைப்புதான். ஆனால் வீட்டுக்கு ஒரே போன், அதுவும் கணவர் கையில் என்றால் அந்தப் பெண் மனம்விட்டுப் பேச முடியாது. ஊர் சுகாதாரத் தொண்டரான ஆஷா பணியாளரின் போனிலிருந்து தனியே பேச வைப்பது நல்ல வழி.

மாவட்ட மனநலத் திட்ட முகாமின் பலம் நேரடிப் பரிசோதனையும் இலவச மாத்திரையும். மனச்சிதைவு, இருமுனை நோய் (மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வருவது) போன்றவற்றுக்கு இதுதான் சரி. இருமுனை நோய்க்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும். வாந்தி, பேதி வந்து உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை நடுக்கம் கூடும், நடை தள்ளாடும். இதைப் போனில் அளக்க முடியாது.

முகாம் சறுக்குவது மாத்திரை இருப்பில்தான். அடுத்த முகாம் வரைக்கும் போதாமல் கொடுத்தால் இடையில் மருந்து நிற்கும்; நோய் திரும்பும். கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு முகாமைத் தவறவிட்டாலும் இதே கதிதான். அதனால் சீட்டில் அடுத்த தேதியோடு, கூடுதலாக ஒரு வாரத்துக்கான மாத்திரையும் கேட்டு வாங்குங்கள்.

தீவிர நோய்க்கு முகாம்தான் முதல் தேர்வு. இரண்டு முகாம்களுக்கு நடுவே சிக்கல் வந்தால் 14416.